புதிதாக அசெம்பிள் செய்த கணினி பூட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாவற்றையும் இணைத்து முடித்துவிட்டேன். கணினி பூட் ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எதையும் கழற்றுவதற்கு முன்னால், அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பூட் ஆகவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு நிலைகள் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்தியும் எதுவுமே அசையாமல் இருப்பது ஒன்று. விசிறிகள் ஓரிரு நொடி சுழன்று அணைந்துவிடுவது இன்னொன்று. விசிறிகளும் விளக்குகளும் ஒழுங்காக இயங்கியும் டிஸ்ப்ளே வராமல் இருப்பது மூன்றாவது; மதர்போர்டின் முகப்புத் திரை வரை வந்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறாமல் நிற்பது நான்காவது.

கணினி எழுந்து வருவதற்கு ஒரு வரிசை உண்டு. மின்சாரம் இருக்கும் வரை, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு "தொடங்கு" என்று சைகை அனுப்புகிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு எஸ்.எம்.பி.எஸ். "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று திருப்பிச் சொல்கிறது. அதன் பிறகுதான் ப்ராசஸர் விழித்து, மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படித்து, ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் சோதித்து, கடைசியாக டிஸ்க்கைத் தேடுகிறது. ஆகவே உங்கள் கணினி மூன்றாவது நிலையில் நிற்கிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். அடியோடு செத்துவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை; நான்காவது நிலையில் நிற்கிறது என்றால் ப்ராசஸரையும் ராமையும் தொடவே வேண்டாம். இதைக் கவனிக்காமல் கைக்கு வந்ததையெல்லாம் கழற்றி மாட்டுகிறவர்கள், ஏற்கெனவே இருந்த ஒரு பிழையோடு புதிதாக இரண்டு பிழைகளைச் சேர்த்துவிடுகிறார்கள்.

பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. மதர்போர்டு செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் உள்ள சுவிட்ச் "I" பக்கம் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "O" என்றால் அணைந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கனெக்டர். அது கடினமாக இறங்கும் என்பதால், பலர் முக்கால் வாசி இறங்கியதுமே நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டில் உள்ள கொக்கி மதர்போர்டில் உள்ள கனெக்டரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் வரை, பலகையைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கியபடி அழுத்த வேண்டும்.

இதற்கு அடுத்த சந்தேகம் கேபினெட்டின் முன்பக்க பவர் சுவிட்ச் ஒயர். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள சிறு பின்களில் ஒரு பின் தள்ளி மாட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. பவர் சுவிட்சுக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு கிடையாது, ஆனால் எல்.இ.டி. ஒயர்களுக்கு உண்டு. சுவிட்சின் மீதே சந்தேகம் இருந்தால் ஒயரை எடுத்துவிட்டு, கையேட்டில் பவர் சுவிட்சுக்கென்று காட்டியுள்ள இரண்டு பின்களைத் திருப்புளியின் நுனியால் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். கணினி இயங்கத் தொடங்கினால் குறை கேபினெட்டின் சுவிட்சிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. கையேட்டைப் பார்க்காமல் வேறு பின்களைத் தொட்டுவிடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். சுவிட்சை அணைத்துவிட்டு, மதர்போர்டிலிருந்தும் மற்ற பாகங்களிலிருந்தும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லாக் கேபிள்களையும் எடுத்துவிட்டு, 24 பின் கனெக்டரில் 16ஆவது பின்னை ஏதேனும் ஒரு தரை இணைப்புப் பின்னோடு சிறு கம்பியால் இணைத்துப் பிறகு சுவிட்சைப் போட்டால், எஸ்.எம்.பி.எஸ். இயங்க வேண்டும். வண்ண ஒயர்கள் உள்ள கேபிளில் 16ஆவது பின் பச்சை, தரை கறுப்பு. எல்லா ஒயர்களும் கறுப்பாக இருந்தால் கையேட்டின் படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். சில எஸ்.எம்.பி.எஸ்.களில் சுமை குறைவாக இருக்கும்போது விசிறி சுழலாது. அது பழுதின் அடையாளம் அல்ல.

விசிறி சுழல்வது மட்டும் முழுச் சான்று ஆகாது. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்: 12 வோல்ட் இணைப்பு 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் இணைப்பு 4.75 முதல் 5.25 வரையிலும், 3.3 வோல்ட் இணைப்பு ஏறத்தாழ 3.14 முதல் 3.46 வரையிலும் இருக்க வேண்டும். சுமையில்லாமல் எடுத்த அளவு சரியாக இருந்து, சுமை ஏறும்போது சரிந்துபோகிற எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உறையைத் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் இருக்கும் கெபாசிட்டர்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

24 பின் கனெக்டர் மட்டும் போதாதா?

போதாது. ப்ராசஸருக்கென்று தனியாக, வழக்கமாக மதர்போர்டின் மேல் இடது மூலையில், ஒரு 8 பின் கனெக்டர் இருக்கிறது. அதை மாட்ட மறந்தால் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், ப்ராசஸர் மட்டும் விழிக்காது. கேபினெட்டின் மூலைக்குள் ஒளிந்திருப்பதால் இது எளிதில் விட்டுப்போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். ப்ராசஸர் கேபிள் நான்கு நான்காகப் பிரியும்; கிராபிக்ஸ் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட் பின்கள் அமைந்திருக்கும் பக்கம் வேறு என்பதால், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வற்புறுத்தி நுழைக்கக் கூடாது.

கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த பழைய கேபிளை, முனை பொருந்துகிறதே என்று பயன்படுத்தாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையின் பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் அது மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க்குகள் அந்த நொடியிலேயே எரிந்துவிடும்.

விசிறிகள் ஒரு நொடி சுழன்று உடனே அணைந்துவிடுகின்றன. ஏன்?

எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்பதே இதற்கு முதல் விளக்கம். மதர்போர்டைக் கேபினெட்டின் உலோகத் தட்டிலிருந்து தூக்கிப் பிடிப்பவை ஸ்டாண்ட்-ஆஃப்கள் எனப்படும் சிறு பித்தளைக் கால்கள். அவை மதர்போர்டின் துளைகளுக்கு நேர்கீழே மட்டுமே இருக்க வேண்டும். கேபினெட்டில் முன்கூட்டியே பொருத்தி வந்த ஒரு கால், உங்கள் பலகையில் துளையே இல்லாத இடத்தில் நின்றால், பலகையின் அடிப்புறத்துச் சாலிடர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஏற்படுத்தும். கீழே விழுந்து பலகைக்கு அடியில் போன ஒரு ஸ்க்ரூவும் இதையே செய்யும். வாங்கிய ஸ்க்ரூக்களை எண்ணி வைப்பது நல்ல பழக்கம். மதர்போர்டின் பின்பக்கத் துளைகளைச் சுற்றியுள்ள தகட்டின் சிறு உலோக நாக்கு யூ.எஸ்.பி. துளைக்குள் மடங்கி நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை உறுதி செய்ய நான் எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புவது, மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து முழுதாக வெளியே எடுத்துச் சோதிப்பதைத்தான். அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இணைத்துத் திருப்புளியால் தொடங்கிப் பாருங்கள். வெளியே இயங்கி உள்ளே இயங்காவிட்டால் குறை கேபினெட்டில் பொருத்திய விதத்தில் இருக்கிறது. மதர்போர்டு சுற்றப்பட்டு வந்த நிலைமின் தடுப்பு உறையின் மேல் வைத்து மட்டும் இயக்காதீர்கள். அந்த உறையின் பரப்பு ஓரளவு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

ஓரிரு நொடிக்குப் பதிலாக அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடிவிட்டு அணைகிறது என்றால் கூலரைச் சந்தேகியுங்கள். அதன் அடியில் ஒட்டிய பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை உரிக்காமல் பொருத்தியிருக்கலாம், அல்லது நீர்க் கூலரின் பம்புக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம்.

எல்லாம் ஓடுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை.

புதிய கணினிகளில் மிகுதியாக எழுகிற கேள்வி இதுதான். ஆகவே பொறுமையாகப் போவோம். மானிட்டர் கேபிள் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டின் வீடியோ துளையில் மாட்டினால் பல நேரங்களில் திரை கறுப்பாகவே இருக்கும். தனிக் கார்டு இல்லாதவர்கள் தங்கள் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல்லின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெயரின் இறுதியில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசையில் "ஜி" என்ற எழுத்து உள்ளவற்றில்தான் அது உண்டு. மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதால் மட்டும் படம் வந்துவிடாது. கிராபிக்ஸ் கார்டுக்கான மின் கேபிள்கள் எல்லாம் மாட்டப்பட்டிருக்கின்றனவா, கார்டு ஸ்லாட்டில் தாழ்ப்பாள் விழும் வரை இறங்கியிருக்கிறதா, மானிட்டரில் சரியான இன்புட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மதர்போர்டின் ஓரத்தில் சி.பி.யு. (ப்ராசஸர்), டி.ரேம் (ராம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அண்மைக்கால மதர்போர்டுகள் பலவற்றில் இவை உள்ளன. சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்குகள் இல்லாத பலகையில் சிறு ஸ்பீக்கர் ஒன்றை இணைத்தால் பீப் ஒலியின் எண்ணிக்கை அதே செய்தியைச் சொல்லும். ஆனால் எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸுக்கு பயாஸ் மாறுவதால், உங்கள் கையேட்டின் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

டி.ரேம் விளக்கு எரிகிறது. ராம் பழுதா?

இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டியவை பல. டி.டி.ஆர். 5 என்ற தலைமுறை ராம் கொண்ட கணினியாக இருந்தால் முதலில் காத்திருங்கள். முதல் முறை இயங்கும்போது ப்ராசஸரில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி, அந்தக் குறிப்பிட்ட ராமோடு எந்த நேர அளவில் பேசுவது என்று ஒவ்வொரு இணைப்பையும் சோதித்துக் கற்றுக்கொள்கிறது. இதைப் பயிற்சி என்றே அழைக்கிறார்கள். இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். ராமின் அளவும் எண்ணிக்கையும் கூடினால் இன்னும் நீளலாம். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும், கணினி தானே ஓரிரு முறை அணைந்து எழுவதும் உண்டு. நன்றாக இருக்கும் கணினியைப் பயிற்சியின் நடுவில் அணைத்துவிட்டு, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணைத்து, கடைசியில் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. முதல் முறை கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் விளக்கு அணையவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்து ராமைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு பக்கத்துத் தாழ்ப்பாள் மட்டுமே அசையும். அசையாத பக்கம் முழுதாக இறங்காமல் நின்றுவிடுவது எளிது. இரண்டு முனைகளையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் இரண்டு ராம் மட்டும் போடுவதாக இருந்தால், வழக்கமாக ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் ஆகிய ஸ்லாட்டுகளில் போட வேண்டும். பெரும்பாலான பலகைகளில் ஒரு சேனலின் (ப்ராசஸர் ராமோடு பேசும் ஒரு பாதையின்) இரண்டு ஸ்லாட்டுகளும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் அந்தத் திறந்த முனையிலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து குழப்பும்.

பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் வைத்து, கையேடு பரிந்துரைக்கும் ஸ்லாட்டில் தொடங்கிப் பாருங்கள். அடுத்து மற்ற ராமை அதே ஸ்லாட்டில் வையுங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் குறை ராமில் இல்லை. நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், ப்ராசஸர் அமரும் சாக்கெட்டில் வளைந்துபோன ஒரு பின்னும், ஒரு பக்கமாக அதிகம் இறுக்கப்பட்ட கூலரும்கூட "ராம் இல்லை" என்ற தோற்றத்தையே தரும். கூலரைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி மீண்டும் பொருத்திய பிறகு காணாமல் போன சேனல் திரும்பி வருவது உண்டு. கூலரைக் கழற்றினால், ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும்.

சாக்கெட்டின் பின்களை எப்படிச் சோதிப்பது?

எல்.ஜி.ஏ. வகையில் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கும்; இன்டெல் டெஸ்க்டாப் பலகைகளும், 2022இல் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 பலகைகளும் இவ்வகை. அதற்கு முந்தைய ஏ.எம். 4 வகையில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். அதில் கூலரைக் கழற்றும்போது பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடும் என்பதால், மெல்லத் திருகி நெகிழ்த்திய பிறகே தூக்க வேண்டும். எல்.ஜி.ஏ. சாக்கெட்டைப் பல கோணங்களில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை மாறாத வயலில் சாய்ந்த ஒரு நாற்றைப் போல, வளைந்த பின் தன் பளபளப்பு மாறித் தனியே தெரியும். கைபேசியால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமானது. நிமிர்த்தும் வேலையை, கை நடுங்காதவர் உருப்பெருக்கியோடு செய்ய வேண்டும். மாற்றித் தரும் காலம் முடியாதிருந்தால் தொடாமல் முதலில் விற்றவரிடம் பேசுங்கள்.

என் ப்ராசஸர் சாக்கெட்டில் சரியாகப் பொருந்துகிறது. ஆனாலும் மதர்போர்டு அதை அறியவில்லை. இது சாத்தியமா?

சாத்தியமே. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும், அந்தப் ப்ராசஸருக்கான ஆதரவைச் சேர்த்த பயாஸ் பதிப்பு இருந்தால்தான் பலகைக்கு அதை அடையாளம் தெரியும். 2020இன் இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசையைப் பழைய பி450 பலகைகளில் போட்டவர்களுக்கும், 2022இல் வந்த இன்டெல் 13ஆம் தலைமுறையை அதற்கு முந்தைய 600 வரிசைப் பலகைகளில் போட்டவர்களுக்கும் இது நேர்ந்தது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் பலகைக்கான ப்ராசஸர் பட்டியலில், எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று எழுதியிருக்கும். பலகையில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், ப்ராசஸரும் ராமும் இல்லாமலே புதுப்பிக்கலாம்: எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் கோப்பைக் கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறியிட்ட யூ.எஸ்.பி. துளையில் செருகி, அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி முடியும் வரை மின்சாரத்தைத் துண்டிக்கவே கூடாது.

சிமாஸ் க்ளியர் செய்வதால், அதாவது பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதால், பயன் உண்டா?

எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பைப் போட்ட பிறகு கணினி எழவில்லை என்றால், நிச்சயம் உண்டு. மின் கேபிளை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்து, கையேடு காட்டும் ஜம்பர் எனப்படும் பின்களை இணையுங்கள்; அல்லது சி.ஆர். 2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். இதன் பிறகு நினைவகப் பயிற்சி மறுபடியும் நடக்கும் என்பதால் மீண்டும் காத்திருக்க நேரும்.

பயாஸ் திரை வருகிறது. அதற்கு மேல் போகவில்லை.

அப்படியானால் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள். புதிய டிஸ்க்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னும் நிறுவப்படவில்லை என்றால் பயாஸிலேயே நிற்பது இயல்புதான். நிறுவும் பென் டிரைவை முதல் பூட் சாதனமாகத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால், சிறு பட்டை வடிவ டிஸ்க்குகளைச் செருகும் எம்.2 ஸ்லாட்டின் வகையைப் பாருங்கள்: பழைய இணைப்பு முறையான சாட்டா வகை எம்.2 டிஸ்க், வேகமான என்.வி.எம்.இ. முறையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் தெரியாது. சில பலகைகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஓரிரு சாட்டா துளைகள் செயலிழந்துவிடும். பழைய கணினியிலிருந்து எடுத்து வந்த டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறையில் மட்டும் இயங்கும் புதிய பலகை அதிலிருந்து பூட் ஆகாது. பயாஸில் டிஸ்க் தெரிந்தும் விண்டோஸ் நிறுவும் திரையில் தெரியவில்லை என்றால், இன்டெல் பலகைகளில் என்.வி.எம்.இ. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற பயாஸ் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதற்கான டிரைவரை நிறுவும்போது ஏற்ற வேண்டும் அல்லது அமைப்பை அணைக்க வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எந்தப் பாகத்தைத் திருப்பி அனுப்புவது?

ஊகித்து அனுப்பாதீர்கள். நன்றாக இயங்குகிறது என்று தெரிந்த வேறொரு கணினியில் உங்கள் ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முடிவை எழுதிக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிச் சோதிக்கும்போது அதன் சொந்தக் கேபிள்களோடு மாற்ற வேண்டும். இவை எல்லாம் நன்றாக இருந்தால் எஞ்சுவது மதர்போர்டும் ப்ராசஸரும். சரியாகக் கையாளப்பட்ட ப்ராசஸர் புதிதாக இருக்கும்போதே பழுதாக இருப்பது அரிது என்பதால், நான் மதர்போர்டைத்தான் முதலில் அனுப்பச் சொல்வேன். அனுப்புவதற்கு முன் சாக்கெட்டின் பின்களைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதோடு வந்த பிளாஸ்டிக் மூடியைச் சாக்கெட்டின் மேல் திரும்பப் பொருத்துங்கள். அந்த மூடி இல்லாமல் வருகிற பலகையைப் பல தயாரிப்பாளர்கள் வாரன்டியில் ஏற்பதில்லை. வழியில் பின்கள் வளைந்தால் அந்தப் பழியும் உங்கள் மேல்தான் வரும்.